கடைசி வாய்க்காலுக்குப் பூச்சியம்

அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயல் செய்யும் கமக்காரர் கூட்டம் முழுதும் கைதட்டியது. புரொஜெக்டரிலிருந்து சுவரில் விழுந்திருந்த வரைபடத்தில் மிக உயர்ந்த பச்சைப் பட்டைக்குக் கீழே ‘வீரபாகு’ என்று அவர் பெயர். சிறுபோகத்தின் முன்னணிக் கமக்காரராம்!

அந்தப் படம் எங்கள் திட்ட அலுவலகத்தில் பிறந்தது. அங்கே தரவுகளுக்கு நான்தான் பொறுப்பு. பயிர்ச்செய்கைத் தரவுத்தளத்தோடு பேசுகிற ஓர் ஏஐ கருவியை வாங்கியிருந்தார்கள். தமிழில் கேட்டால் போதும், வேண்டியதைத் தேடியெடுத்துப் படமாகவே வரைந்து தந்துவிடும். இந்த வருடம் ஒரு வாய்க்காலைத்தான் திருத்த முடியும். எதை என்று அந்தப் படத்தைப் பார்த்து முடிவெடுப்பதாக இருந்தது.

ஸ்கந்தபுரத்துப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. அதனால் கடைசி வாய்க்கால்காரர் தங்கள் வயலைச் சும்மா போட்டுவிட்டு, தங்கள் பங்குத் தண்ணீரை மேலேயே விட்டுக்கொடுப்பார்கள். பதிலுக்குத் குளத்துக்குக் கிட்டவுள்ள தலைப்பக்கத்து வயல்களில் பாதியை அந்தப் போகத்துக்கு அவர்கள் விதைப்பார்கள். இது தருமம் இல்லை, பங்கு. எங்கள் வயலில் பாதியை விதைப்பவர் கணபதியண்ணை. மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவருடையது. அவருடைய சொந்த வயலுக்குக் மழைக்காலத்துக் காலபோகத்தில்கூடத் தண்ணீர் ஒழுங்காகப் போய்ச் சேராது, வாய்க்கால் அவ்வளவு உடைவு.

எந்த வயலில் எவ்வளவு விதைப்பு நடந்தது என்று கருவி காணிச் சொந்தக்காரர் பெயரில் வரைந்தது. கடைசி வாய்க்காலுக்கு மொத்தமாகப் பூச்சியம். ஆனால் வரைந்து முடித்துவிட்டு ஒன்று கேட்டது: ‘இந்தத் தரவில் விதைத்தவர் பெயர் தனியாக இருக்கிறது. அதன்படியும் வரையட்டுமா?’

நான் பணிப்பாளர் கதிர்காமநாதனிடம் ஓடினேன்.

“சேர், இந்தப் படம் பிழை. கடைசி வாய்க்கால்காரர் விதைக்காம விடேல்ல. மேல வந்து பங்குக்கு விதைக்கினம்.”

“படம் வடிவா வந்திருக்கு, பிள்ளை. குழப்பாதையும்.”

ஓர் இயந்திரத்துக்கு வந்த சந்தேகம் இந்த மனுசனுக்கு வரவில்லையே! வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், கூட்டத்தில் எழும்பி உண்மையைச் சொல்லுங்கோ என்று. “பாப்பம்” என்றார். அவர் பார்த்த இலட்சணம்தான் அந்தப் பொன்னாடை!

கைதட்டல் அடங்கியதும் கணபதியண்ணை எழும்பினார்.

“ஐயா, எங்க வாய்க்காலுக்கு ஏன் பூச்சியம் போட்டிருக்கீங்க?”

“விதைக்காத வயலுக்கு வாய்க்கால் என்னத்துக்குக் கணபதி?” என்றார் பணிப்பாளர்.

கணபதியண்ணை அப்பாவைப் பார்த்தார். தலைப்பக்கத்துக் காணிக்காரர் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். அப்பா பொன்னாடையின் கரையை மடித்துக்கொண்டிருந்தார். என் அப்பாதான். வெட்கமாக இருந்தது.

நான் சுவரில் படம் போட்டுக்கொண்டிருந்த மடிக்கணினியை என் பக்கம் இழுத்து, ‘விதைத்தவர் பெயரில் வரை’ என்று அடித்தேன்.

சுவர் ஒரு கணம் வெறுமையாக இருந்தது. பிறகு பட்டைகள் ஒவ்வொன்றாக எழும்பின. அப்பாவின் பட்டை பாதியாகக் குறைந்தது. பக்கத்தில் அதே உயரத்துக்கு இன்னொன்று, ‘கணபதி’. கடைசி வாய்க்கால்காரர் அத்தனை பேரும் எழும்பிவிட்டார்கள், சுவரிலும் மண்டபத்திலும்.

“ஆர் உம்மை இதைப் போடச் சொன்னது?” என்று பணிப்பாளர் சீறினார்.

“ஒருத்தரும் சொல்லேல்ல, சேர். போடட்டோ எண்டு கருவிதான் கேட்டது. உங்களிட்ட வந்து சொன்னனான்.”

பிறகு அவரால் சமாளிக்க முடியவில்லை. கையை உயர்த்தச் சொல்லி வாக்கெடுங்கள் என்று சனம் சத்தம் போட்டது. கைகள் உயர்ந்தன. கடைசி வாய்க்கால்தான் என்று முடிவாயிற்று. அப்பாவின் கை கடைசிவரை மடியிலேயே கிடந்தது.

கூட்டம் கலைந்ததும் அவர் பொன்னாடையைத் தான் இருந்த கதிரையிலேயே போட்டுவிட்டு மோட்டார்சைக்கிளடிக்கு விறுவிறென்று நடந்தார். கணபதியண்ணை அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்.

“ஐயா, இதை மறந்துட்டீங்க.”

அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “நீயே வைச்சிரு.”

“எனக்கு இது எதுக்குங்க? நான் கேட்டது வாய்க்கால்தானே” என்றார் கணபதியண்ணை. பொன்னாடையை நாலாக மடித்து மோட்டார்சைக்கிள் இருக்கையில் வைத்துவிட்டுப் போனார்.