வளைந்த தண்டவாளம்

வில்லியனூரில் நெல் வியாபாரம் செய்த பஷீர் அகமது, 1936-இல் கடைக்குப் பின்னால் ஒரு கிடங்கு கட்டினார். மேலே பரணில் மூட்டைகள். கீழே பெண்கள் நெல் புடைப்பார்கள். பரணைத் தாங்கியது ஒரு பழைய தண்டவாளம். அதன் இரண்டு முனைகளையும் சுவருக்குள் ஆழமாகப் பதித்துக் கட்டித் தந்தவர், பாலங்கள் கட்டிப் பழகிய ஓவர்சியர் மணவாளன்.

அந்த ஆண்டு பாகூர்ப் பக்கம் நல்ல விளைச்சல். பரணில் மூட்டைகள் கூரையைத் தொட்டன. தண்டவாளம் பதிந்த இடத்தில் சுவர்ப்பூச்சு வெடித்ததும் பஷீர் மணவாளனை வரவழைத்தார்.

"ரெண்டு ஓரமும் வளஞ்சிடுச்சி சாயபு. இனிமே நடுவுதான் மிச்ச பாரத்தச் சொமக்கும். அதுவும் வளஞ்சா அப்பால ஒண்ணுமில்ல. பாதி மூட்டைய எறக்கிடுங்க."

"எங்க கொண்டு போயி வெக்கிறது ஓவர்சியரே? மழை வருது. இன்னும் நிக்குதுல்ல?"

"நிக்கும். இரும்பு மரமாட்டம் படக்குனு முறியாது. அத நம்பி உட்ராதீங்க."

நிக்கும் என்ற சொல் மட்டும் பஷீரின் மனதில் தங்கியது. சுவருக்கு வெள்ளையடித்தபோது வெடிப்பு மறைந்தது. பிறகு தண்டவாளத்தின் நடுப்பகுதி தாழ்ந்து, அதன் கீழிருந்த கதவு சாத்த முடியாமல் இடித்தது. பஷீர் தச்சனைக் கூப்பிட்டுக் கதவின் மேல்விளிம்பை இழைக்கச் சொன்னார்.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகி மூட்டைகள் ஊறின. மறுநாள் காலை, புடைத்துக்கொண்டிருந்த அம்சவள்ளி தலை நிமிர்ந்தாள்.

"மேல இன்னாமோ மொனவுது சாயபு."

"பலகை நனஞ்சிருக்கும். நீ வேலையப் பாரு," என்றார் கதவருகே தண்டவாளத்துக்குக் கீழே நின்ற பஷீர்.

அவள் மீண்டும் முறத்தைத் தூக்கினாள். தண்டவாளம் நடுவில் மடங்கி, மெல்லத்தான் இறங்கியது. வாசலருகே இருந்த பஷீரும் பெண்களும் வெளியே ஓடிவிட்டார்கள். அம்சவள்ளி இருந்தது உள்மூலையில். சரிந்த மூட்டைகள் அவள் காலை நசுக்கின. உயிர் தப்பியது; ஆனால் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தை பிறந்த பிறகுதான் பஷீருக்கு அவளைப் பார்க்கத் துணிவு வந்தது. சுத்துக்கேணியில் அவள் அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னே தாயி. நாந்தான் காதுல வாங்கல," என்றார்.

அம்சவள்ளி கையிலிருந்த தோலைக் கீழே போட்டாள்.

"எனக்கும் பயமாத்தான் இருந்திச்சி சாயபு. நீங்களே அதுக்குக் கீழ நின்னுகினு இருந்தீங்களா, ஒண்ணும் ஆவாதுன்னு குந்திட்டேன்."

பஷீர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.