ஆசாரத்தில் ஒரு நாற்காலி

அங்கப்பப் பண்ணாடி சாகக் கிடக்கிறார் என்று கேட்டதும் எனக்கு வந்தது சந்தோஷம்தான். இல்லை என்று பொய் சொல்லி நல்ல பேர் வாங்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

போனில் பேசியவர் அவருடைய மகன் திருமலைசாமி. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி வைத்திருப்பவர். அன்னூருக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த தங்கள் பரம்பரை வீட்டை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். சோளம் கொட்டி வைத்த அறைகளில் இன்று ஊர்ப்பிள்ளைகள் படம் வரைகிறார்கள், நாடகம் போடுகிறார்கள். அந்தக் கலைக்கூடத்துக்கு நிர்வாகி மதிவதனி, அதாவது நான். பண்ணாடி என்று எங்கள் ஆட்கள் கும்பிட்ட அந்த நிலக்காரரின் பண்ணையத்தில் கூலிக்குக் கிடந்த மாசாணத்தின் மகள்.

"ஏனுங்க அம்மணி, ஆஸ்பத்திரியில கைய விரிச்சுட்டாங்க. அந்த ஊட்டு ஆசாரத்துலதான் உசுரு போகோணும்னு அப்பா அடம் புடிக்கறாருங்க. கொஞ்சம் எடம் குடுத்தீங்கன்னா..."

"அதுக்கென்னங்க, கூட்டிட்டு வாங்க" என்றேன். என் குரலில் இருந்த சர்க்கரையைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்தது.

ஆசாரம் என்றால் அந்த வீட்டின் முன்கூடம். தேக்குத் தூண்களும் சிவப்புத் தரையுமாக, கல்யாணமோ இழவோ எல்லாம் அங்கேதான் நடக்கும். எங்கள் ஆட்கள் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் அங்கப்பனின் அம்மா செத்தாள். என் அப்பா வாசலில் நின்று பறை அடித்தார். திடீரென்று மழை. தோல் நனைந்தால் பறை பேசாது. அதைக் காப்பாற்ற அப்பா ஓடிப்போய் ஆசாரத்தில் ஒரு காலை வைத்துவிட்டார். அங்கப்பன் கை காட்டினார். ஆட்கள் அப்பாவை இழுத்துப் போட்டுப் பறையை மிதித்தார்கள். மணிக்கட்டையும் சேர்த்து மிதித்தார்கள். அது கோணலாகத்தான் சேர்ந்தது. அப்பா அப்புறம் பறையைத் தொடவே இல்லை.

நான் இந்த வேலைக்கு வந்ததே அந்த ஒரு காலுக்காகத்தான். ஆசாரத்தின் நடுவில் அப்பா நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அதை அங்கப்பன் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் அப்பா அந்த வீட்டுக்குள் வர ஒத்துக்கொள்ளவே இல்லை. அங்கப்பன் வரப்போவதைச் சொன்னால் தெருவைக்கூடத் தாண்டமாட்டார். அதனால் அதை மறைத்துவிட்டேன்.

"பிள்ளைங்க பறை அடிக்கறாங்கப்பா. சரியா அடிக்கறாங்களான்னு நீங்கதான் சொல்லோணும்."

"எனக்கென்ன தெரியும் கண்ணு, அங்க வந்து சொல்றதுக்கு?" என்று இழுத்தார். பிள்ளைகளுக்காக என்று கெஞ்சிக் கூத்தாடி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தேன். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். பிள்ளைகள் அடிக்க ஆரம்பித்ததும் அவர் கால் தானாகத் தாளம் போட்டது.

வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தபோது ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து அப்பாவுக்கு எதிரே இறக்கினார்கள். அங்கப்பன் வற்றிச் சுருங்கிப் போயிருந்தார். மூக்கில் குழாய். நான் கை காட்டியதும் பிள்ளைகள் பறையை நிறுத்தினார்கள். கிழவரின் கண் கூடத்தைச் சுற்றி வந்து அப்பாவின் மேல் நின்றது. நான் இத்தனை வருஷமாகக் காத்திருந்த பார்வை அதுதான்.

"ஆருடா அது, மாசாணமா? வெளிய போடா."

காற்று மாதிரிதான் வந்தது குரல். அப்பா எழுந்துவிட்டார். யோசிக்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, பிள்ளைகளைத் தாண்டி, விறுவிறுவென்று வாசலுக்கு வெளியே போய்விட்டார்.

"அப்பா, உக்காருங்க!" என்று நான் கத்தியது காலி நாற்காலிக்குத்தான் கேட்டது.

திருமலைசாமிக்கு முகம் செத்துவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி. வயசானவரு, நெனவு தப்பிருச்சுங்க."

"நெனவு நல்லாத்தானுங்க இருக்குது. பேருகூட மறக்கல. தூக்கச் சொல்லுங்க."

"ஏனுங்க, இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கறாரு. மழை வேற வலுக்குதுங்க."

"எங்கப்பனும் மழையிலதானுங்க கெடந்தாரு. தூக்குங்க."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் மசியவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். தன் ஆசாரத்திலிருந்து அங்கப்பன் வெளியேற்றப்படுவதை நின்று நிதானமாகப் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியோடு அப்பாவைத் தேடி வெளியே போனேன்.

அப்பா மழையில், பெரிய கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தோள் துண்டு கக்கத்துக்குப் போயிருந்தது. வெள்ளைச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "பாத்துங்க சாமி, பண்ணாடி மேல தண்ணி படாம தூக்குங்க" என்று ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி ரோட்டில் ஏறி மறையும் வரை நிமிரவில்லை. பிறகு கேட்டைச் சாத்திவிட்டு என்னிடம் வந்து, மெதுவாகக் கேட்டார்:

"நான் உள்ள வந்து உக்காந்ததுல பண்ணாடிக்கு கோவம் ஒண்ணும் இல்லீல்ல கண்ணு?"