ஒரு கலர் போன கதை

1

என் தலையில் விழுந்த கடன் பதினெட்டாயிரத்து நானூறு. இந்தக் கதை அதிலிருந்து பிறந்தது. நான் மண் வெட்டுகிறவன். நாற்பது வயது தாண்டித்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன், அதனால் முதல் வரியே படாத பாடு படுத்தியது.

'பொழுது விடிந்தபோது வானம்' (வேண்டாம். அன்றைக்கு வானத்தை யார் பார்த்தார்கள்?)

'கடப்பாரை கேபிளில் பட்டதும்' (அதுவும் வேண்டாம். பட்டதா இல்லையா என்பதுதானே வழக்கு.)

2

தெருவோரம் பழைய இன்டர்நெட் கேபிளை ஒட்டிப் புதுக் குழி வெட்டிக்கொண்டிருந்தோம். மேஸ்திரிக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது. நேரே என்னிடம் வந்தார்.

"லைன்ல ஒரு கலர் போயிடுச்சாம்யா. உன் கடப்பாரைதான் வேலையக் காட்டியிருக்கு."

"கேபிள் மேல படவே இல்லண்ணே."

"அப்ப எலி வந்து கடப்பாரை புடிச்சிச்சா? ரிப்பேர் செலவு பதினெட்டாயிரத்து நானூறு. உன் கூலியில புடிப்பேன்."

கேபிளுக்குள் முடிபோலக் கண்ணாடி இழைகள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சாயம்: பச்சை, நீலம், ஆரஞ்சு. எங்களுக்குத் தெரிந்த கலர் அதுதான். அறுந்த கலரைத் தேடித் தோண்ட ஆரம்பித்தோம். கூலி போனால் வாடகை நிற்கும். வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒருமுறை சாமான்களை வெளியே எடுத்து வைத்தவர்.

(மேஸ்திரிக்கு முறுக்கு மீசையும் கெட்ட மனசும் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் கூலியையும் பிடிக்க அவருக்கு மேலே ஒருவன் இருக்கிறான்.)

3

ஜீப்பில் கேபிள் ஆபீஸ் என்ஜினியரம்மா வந்து இறங்கினார்.

"என்ன தேடுறீங்க?"

"அறுந்த கலரை மேடம்."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "கலர்னா சாயம் இல்ல மேஸ்திரி, வெளிச்சம்! ஒரே இழையில நாப்பது கலர் வெளிச்சம் ஒண்ணா ஓடுது. நம்ம கண்ணுக்குத் தெரியாது, மெஷின் பிரிச்சு எடுத்துக்கும். அதுல ஒண்ணுதான் நின்னுச்சு. மீதி முப்பத்தொம்பதும் நல்லாதான் ஓடுது. இழை அறுந்திருந்தா அத்தனையும்ல போயிருக்கணும்?"

"அப்ப கோளாறு..."

"எங்க ஆபீஸ் மெஷின் ரூம்ல. அந்த வெளிச்சத்த அனுப்புற கார்டு அவுட்டு. மாத்தியாச்சு."

என் வயிற்றில் பால் வார்த்தார் மகராசி. 'அப்போது அவர் முகம் தெய்வத்தின்' (போதும். அவர் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார்.)

4

முடிவு இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மேஸ்திரி மன்னிப்புக் கேட்கிறார். நீங்கள் நம்ப மாட்டீர்கள். இன்னொன்றில் நான் கடப்பாரையை வீசிவிட்டு நிமிர்ந்து நடக்கிறேன். மறுநாள் சோற்றுக்கு யாரிடம் போவது?

உங்களுக்கு எது பிடிக்குமோ அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்தது இவ்வளவுதான். மேஸ்திரி பிடரியைச் சொறிந்துகொண்டே, "அந்தக் கணக்க விடுய்யா. குழிய மூடு" என்றார்.

மூடினேன். அவ்வளவு லேசான மண்ணை நான் அள்ளியதே இல்லை.