மோட்டார் போடும் குச்சி

சாம்சன் வீட்டில் மோட்டார் போட வேண்டுமென்றால் முதலில் ரப்பர் செருப்பைத் தேட வேண்டும். பிறகு பின்பக்கம் போய், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் மூங்கில் குச்சியை எடுக்க வேண்டும். பெட்டியில் உடம்பு படாமல் எட்டி நின்று, குச்சி நுனியால் பச்சைப் பொத்தானில் ஒரு குத்து. மோட்டார் உறுமும், தண்ணீர் ஏறும், குச்சி மறுபடி ஆணிக்குப் போகும்.

அந்த இரும்புப் பெட்டியைக் கையால் தொட்டால் சுரீரென்று அடிக்கும். போன மழைக்காலத்தில் வந்த கோளாறு. போகப் போக எல்லோருக்கும் பழகிவிட்டது. விருந்தாளி வந்தால்கூட, காப்பி கொடுப்பதற்கு முன் குச்சியைப் பற்றிச் சொல்லிவிடுவாள் சாம்சனின் மனைவி ஷைனி.

இதில் வேடிக்கை என்னவென்றால், சாம்சன் எலக்ட்ரீஷியன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வேலை. அங்கே அவன் எச்சரிக்கையைப் பார்த்துப் புதிதாகச் சேர்ந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஒரு மெஷினில் கை வைக்கும் முன் அதன் மெயின் சுவிட்சை இறக்கித் தன் சிவப்புப் பூட்டைப் போடுவான். பூட்டில் அவன் போட்டோ ஒட்டிய அட்டை தொங்கும்: ‘ஆபத்து. வேலை நடக்கிறது. இயக்காதே.’ பூட்டு போட்டவன் வந்துதான் திறக்க வேண்டும், முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது என்பது அந்த ஆலையின் விதி. அதை எல்லோருக்கும் பாடம் சொல்லிக் கொடுப்பவனும் சாம்சன்தான்.

வீட்டுக்கு வந்தால் மட்டும் பேச்சு மாறிவிடும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்பான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் காலையில் சர்ச், மத்தியானம் பிரியாணி, பிறகு தூக்கம்.

அவனைச் சோம்பேறி என்றும் சொல்லிவிட முடியாது. செய்தால் முழுசாகச் செய்ய வேண்டும் என்பது அவன் எண்ணம். புதுப் பெட்டி போடும்போதே அதற்கு மேலே ஒரு ஷீட் இறக்க வேண்டும், வீட்டிலிருந்து புது லைன் இழுக்க வேண்டும், தொட்டி நிரம்பினால் தானே நிற்கிற மாதிரி ஒன்று வைக்க வேண்டும். புதுப் பெட்டியும் ஒயரும்கூட வாங்கிப் பரணில் வைத்திருந்தான். திட்டம் மாதாமாதம் வளர்ந்தது. வேலை மட்டும் பரணைவிட்டு இறங்கவில்லை. குச்சி இருந்ததே, அப்புறம் என்ன அவசரம்?

ஐப்பசியில் ஒரு காலை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சாம்சன் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் குடத்தோடு வந்தாள். எளாவூரில் லாரிக்காரர்களுக்கு நாஷ்டா கடை போட்டிருப்பவள். அவள் வீட்டுப் போர்வெல்லில் உப்புத் தண்ணீர், அதனால் கடைக்கு வேண்டியதை இங்கேதான் பிடிப்பாள். குச்சி பிடிப்பதில் அவளும் கைதேர்ந்தவள்தான். ஆனால் அன்று கூரைத் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் குச்சி ஊறிப்போயிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

சத்தம் கேட்டு ஷைனி ஓடி வந்தபோது குப்பம்மாள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். மூச்சு இருந்தது, பேச்சும் வந்தது. வலது கை மட்டும் தோள்வரைக்கும் மரத்துப் போயிருந்தது. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கொண்டு போனாள் ஷைனி. டாக்டர் நெஞ்சைச் சோதித்துப் பார்த்துவிட்டு, கரெண்டு தூக்கி எறிந்ததால் பிழைத்தீர்கள், பிடித்து இழுத்திருந்தால் கதையே வேறு என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் குப்பம்மாள் மரத்த கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"வேற ஊடா இருந்தா நான் கிட்டகூட போயிருக்க மாட்டேன் ஷைனி. இது கரெண்டு வேல பாக்கறவன் ஊடு. இங்க எனக்கு இன்னா ஆவப்போவுதுன்னு நெனச்சிட்டேன்."

ஷைனிக்கு அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வீட்டுக்கு வந்ததும் குச்சியை எடுத்து அடுப்பில் வைத்தாள். ஈரக்குச்சி, எரியவில்லை. முட்டியில் வைத்து ஒடித்துக் குப்பையில் போட்டாள். ஆலையில் புதுப் பூட்டு கொடுத்தபோது சாம்சன் தன் பழைய பூட்டையும் அட்டையையும் வீட்டில் கொண்டுவந்து போட்டிருந்தான். அவற்றைத் தேடி எடுத்தாள். கூடத்தில் மோட்டாருக்கென்று தனியாக இருந்த மெயின் சுவிட்சை இறக்கி, பூட்டைப் போட்டு, அட்டையையும் மாட்டினாள். சாவி முந்தானையில் முடிச்சானது. சாம்சனுக்கு அவள் போன் செய்யவில்லை.

அவன் பிற்பகலில் வந்தான். கழுத்தெல்லாம் இரும்புத் தூசி. நேராகக் குளிக்கப் போய், தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றிச் சோப்பும் போட்டான். மறுபடி குழாயைத் திறந்தால் வெறும் காற்று. மோட்டார் போடச் சொல்லிக் குரல் கொடுத்தான், மோட்டார் உறுமவில்லை. துண்டைக் கட்டிக்கொண்டு சோப்பு நுரையோடு பின்பக்கம் போனான். ஆணி மட்டும் இருந்தது. உள்ளே வந்து சுவிட்சைப் பார்த்தால், அட்டையிலிருந்து அவன் முகமே அவனை முறைத்தது.

"இன்னா ஷைனி இது? சாவிய குடு."

"பூட்டு போட்டவங்கதான் தொறக்கணும். போட்டது நானு."

"அது கம்பெனி ரூல்மா."

"ஏன், கம்பெனில இருக்கறவங்க உசுரு மட்டுந்தான் உசுரா?"

அப்புறம்தான் காலையில் நடந்ததைச் சொன்னாள். குப்பம்மாள் ஆட்டோவில் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சாம்சன் தரையில் உட்கார்ந்துவிட்டான். உடம்பில் சோப்பு காய்ந்து இழுத்தது. ஈரக்குச்சியில் கரெண்டு பாயும் என்று ஆலையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பான்!

"எனக்கு ஏன் போன் பண்ல?"

"பண்ணியிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?"

என்ன சொல்லியிருப்பான் என்பது அவனுக்கே தெரியும். ஆனாலும் பழக்கம் விடவில்லை. முழுசாகச் செய்ய ஒரு நாளாவது வேண்டும், வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் முடித்துவிடுகிறேன் என்று ஆரம்பித்தான்.

"சரி. அதுவரைக்கும் சோப்ப தொடச்சிக்கினு போய் படுங்க" என்றாள் ஷைனி. "முழுசா செய்யணும்னு யாரு கேட்டா? தொட்டா அடிக்கக் கூடாது, அவ்ளோதான். மீதி அலங்காரத்த அப்பறமா பண்ணிக்கோங்க."

சாம்சன் கொஞ்ச நேரம் அட்டையில் இருந்த தன் முகத்தைப் பார்த்தான். பிறகு எழுந்தான். சோப்பைத் துடைத்துப் பழைய சட்டையை மாட்டிக்கொண்டான். ஏணி போட்டுப் பரணிலிருந்து பெட்டியையும் ஒயரையும் இறக்கினான்.

"பூட்டு அப்படியே இருக்கட்டும். சாவி உன்கிட்டயே இருக்கட்டும். நான் முடிச்சிட்டேன்னு சொன்னாத்தான் தொறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனான். அந்த வீட்டில் அவன் முறைப்படி வேலை பார்த்தது அன்றுதான்.

டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் பழைய பெட்டியைத் திறந்தான். ஒயர் நுழைகிற ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே துருப்பிடித்திருந்தது. கசிகிற கரெண்டை மண்ணுக்கு இறக்க வேண்டிய எர்த் ஒயர், மண்ணில் புதைத்த குழாயில் சேருமிடத்தில் இற்று, தனியே தொங்கியது. குழாயைச் சுரண்டிப் புது ஒயரை முறுக்கி இறுக்கினான். புதுப் பெட்டியை மாட்டி, ஓட்டையை அடைத்தான். மாலைக் காப்பிக்கு ஷைனி பால் வைப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு பொழுதுகூட ஆகவில்லை. இதற்காகவா இத்தனை மாதம் மூன்று பேர் உயிரைக் குச்சி நுனியில் வைத்திருந்தோம் என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஷைனி பூட்டைத் திறந்து சுவிட்சை ஏற்றினாள். சாம்சன் டெஸ்டரால் பெட்டி முழுக்கத் தொட்டுப் பார்த்தான். பிறகு புறங்கையை வைத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. விரலால் பொத்தானை அழுத்தினான். மோட்டார் உறுமியது.

குளிக்காமலே குப்பம்மாள் வீட்டுக்குப் போனான். அவள் கையைத் துண்டில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். மன்னிச்சிடுக்கா என்று மட்டும் சொன்னான்.

"உன்ன மட்டும் சொல்லி இன்னா நைனா? கோளாற சரி பண்ண ஆளு தேடாம, கோளாறோட குடும்பம் நடத்த வழி தேடினோம். நானும்தான் தெனம் அந்தக் குச்சிய எடுத்தேன். அது சரி, இன்னா ஊரெல்லாம் சோப்பு வாசன?"

சிரித்துக்கொண்டே அவன் சுற்றிலும் பார்த்தான். கிரைண்டர் பிளக் லூசாகிப் பிடிக்காமல், ஓட்டையில் ஒரு தீக்குச்சி செருகியிருந்தது. அவன் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். அது ரொம்ப நாளாக இருக்கிறது, கடைக்கு மாவு ஆட்ட முடிந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை வந்து மாற்றிக் கொடு என்றாள்.

அதற்குள் ஷைனி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தொட்டி நிரம்பிவிட்டது, வந்து குளியுங்கள் என்று குரல் கொடுத்தாள்.

"குளியல வேணா தள்ளிப் போடறேன், இத தள்ளிப் போட மாட்டேன்" என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, சாம்சன் குப்பம்மாள் வீட்டு மெயினை இறக்கினான். தீக்குச்சியைப் பிடுங்கி அவளிடம் காட்டினான்.

"எந்த வேலையா இருந்தாலும் சரிக்கா, நடுவுல இந்த மாதிரி ஒரு குச்சிய சொருவி வெச்சிட்டோம்னா அது நடக்கவே நடக்காது. நேரம் இல்லன்னு சொல்றதெல்லாம் சும்மா. குச்சி இருக்கற வரைக்கும் நாளைக்குன்னுதான் சொல்லுவோம். மொதல்ல குச்சிய புடுங்கணும். புடுங்கின கையோட வேலைய முடிச்சிடணும். ஸ்குரூடிரைவர் எங்க வெச்சிருக்க?"