வெல்ட் சந்தின் தோல்காரர்

தொண்டை அடைப்பான் நோய் வெல்ட் சந்தின் ஏழாம் எண் வீட்டைவிட்டுத் தன் காலால் நடந்து வெளியேறிய சனிக்கிழமை மதியம் அங்கே இருந்தவர்கள்: வீட்டுக்காரி நோரா கின்செலா, அவளுடைய ஆறு வயது மகள் பிரைடி, எதிர்வீட்டு பெக் ஸ்கான்லன், பெக்கின் மகன் ஆல்ஃபி, நகராட்சி டாக்டர் ஹில்டா மார்க்வெல், பெயரில்லாத ஒரு நாய். ஆண்கள் யாரும் இல்லை. காலிங்வுட் கால்பந்து அணி கோப்பைக்கான இறுதி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. மெல்பர்னின் இந்த மூலையில் அன்றைக்கு ஒரு ஆண்பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் மைதானத்துக்குத்தான் போயிருக்க வேண்டும்.

நோய் ஒல்லியான, மரியாதை தெரிந்த மனிதர். பெரிய போர் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பிய வருடம் ஒரு தோல்பையோடு வந்து சேர்ந்தார். சந்தில் பாதிப்பேர் பூட்ஸ் தொழிற்சாலைகளில் தோல் வெட்டுகிறவர்கள், தைக்கிறவர்கள். அதனால் அவர் பையில் இருந்த குத்தூசியையும் அளவு நாடாவையும் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. பிள்ளைகளின் தொண்டைக்குச் சாம்பல் நிறத்தில் மெல்லிய தோல் தைப்பது அவர் தொழில். ஒரு நாள் வந்து அளவெடுப்பார். வேலை நிறைய இருந்ததால் தைக்க வருவதற்குச் சில மாதம் ஆகும். தைத்த இரண்டாம் நாள் பிள்ளை மூச்சுக்குத் திணறும். அதற்குப் பிறகு எல்லோரும் துக்கத்துக்குக் கறுப்புத் துணி தேடுவார்கள். தையல் மட்டும் சுத்தமாக இருக்கும், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அவரை ஏன் உள்ளே விட்டார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. வெல்ட் சந்தில் வாசல் சாவியைக் கயிற்றில் கட்டிக் கடிதம் போடும் துளைக்குப் பின்னால் தொங்கவிடுவது வழக்கம். வருகிறவர் கையை விட்டுக் கயிற்றை இழுத்துச் சாவியை எடுத்து, தாமே திறந்துகொண்டு வரலாம். அப்படி வந்தவருக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்பக் கூடாது. கயிற்றை அறுத்த ஒரே பெண்ணை இருபது வருடம் பூட்டுக்காரி என்று கூப்பிட்டார்கள். அவள் சவப்பெட்டியைத் தூக்கவும் ஆள் சேரவில்லை. அதனால் தோல்காரர் கயிற்றை இழுத்தார், உள்ளே வந்தார், தேநீர் குடித்தார். நோராவின் அடுப்பங்கரையில் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலி அவருக்குப் பிடித்துப்போனது. அவளுடைய மூத்தவன் டெனிஸுக்கும் அடுத்தவன் கானுக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தைத்தார். நோரா இரண்டு தடவையும் அவருக்குச் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். பிறகு வருடக்கணக்கில் அவள் யாரோடும் அதிகம் பேசவில்லை, நாற்காலியைத் துடைக்கவும் இல்லை.

1935 ஜூனில், குளிர்காலத் தொடக்கத்தில், அவர் பிரைடிக்கு அளவெடுத்தார். அதே வாரம் டாக்டர் மார்க்வெல் பள்ளிக்கூட முற்றத்தில் தடுப்பூசி மேசை போட்டு, ஊசிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருவரும் வரவில்லை. சில வருடங்களுக்கு முன் வடக்கே கெட்டுப்போன தடுப்பு மருந்தைப் போட்டு ஒரே ஊரில் பிள்ளைகள் வரிசையாகச் செத்திருந்தார்கள். அந்தச் செய்தியை வெல்ட் சந்து மறக்கவில்லை. தோல்காரராவது தெரிந்த ஆள் என்றார்கள். மேசையில் மழை பெய்தது, டாக்டர் குடையோடு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் நோரா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போய் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"டாக்டரம்மா, முதல்ல உங்க கையில போட்டுக்குங்க. அப்புறம் பேசுவோம்."

டாக்டர் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். புஜத்தில் ஏற்கெனவே பல தழும்புகள் இருந்தன. "நேத்து வர்றவங்க யாராவது கேப்பாங்கன்னு போட்டுக்கிட்டேன். யாரும் வரல. இன்னைக்கும் ஒண்ணு போட்டுக்கவா?"

"போடுங்க."

போட்டுக்கொண்டாள். நோரா நின்று பார்த்தாள், அவள் விழுகிறாளா என்று. விழவில்லை. பிறகு பிரைடியின் சட்டைக் கையைத் தானே சுருட்டிவிட்டாள். பள்ளிக்கூட வாசலில் நின்ற பெக் ஸ்கான்லன் சந்துக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்: "அடியே நோரா, ரெண்டப் புதைச்சது பத்தலையா? மூணாவதையும் நீயே கொண்டுபோய்க் குடுக்கிறியா?" நோரா திரும்பிப் பார்க்கவில்லை. அன்று இரவு பிரைடிக்குக் கை வீங்கியது. நோரா விடியும்வரை அவள் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் பிள்ளை எழுந்து ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் கேட்டது. இன்னும் இரண்டு தடவை போட வேண்டும் என்றார்கள், போட்டார்கள்.

குளிர் முடிகிற சமயத்தில் தோல்காரர் தைக்க வந்தார். தேநீர் குடித்தார், பிரைடியை மடியில் இருத்தி வாயைத் திறக்கச் சொன்னார். நோரா அடுப்புக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், அதனால் பயன் இல்லை என்று தெரிந்தும். குத்தூசி தொண்டையைத் தொட்டதும் நுனி முறிந்து தரையில் விழுந்தது. இன்னொன்று எடுத்தார், அதுவும் முறிந்தது. பையைக் கவிழ்த்துத் தடித்த பூட்ஸ் தைக்கிற ஊசியை எடுத்தார், அது வளைந்து கொக்கியானது.

"இன்னொண்ணு இருக்கா மிஸ்டர்?" என்றாள் பிரைடி.

நோரா சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்ததால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரில் தட்டி என்ன ஆச்சு என்று கேட்டார்கள். முறிந்த ஊசிகளை அவள் ஒரு தட்டில் போட்டு வாசல் ஜன்னலில் வைத்தாள். சந்து முழுக்க வந்து பார்த்தது. தோல் தொழிலாளிகள் எடுத்து உரசிப் பார்த்தார்கள், நல்ல எஃகு, முறிந்திருக்கக் கூடாது என்று ஒத்துக்கொண்டார்கள். அடுத்த நாள் டாக்டரின் மேசைக்கு முன்னால் வரிசை தெருமுனை திரும்பி மதுக்கடைவரை நின்றது. கடைசியாக பெக் ஸ்கான்லன், திமிறுகிற ஆல்ஃபியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரிசையில் இருந்த அத்தனை பேரையும் திட்டிக்கொண்டே வந்தாள். "நோரா, எம்புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் வீட்லதான் வந்து படுப்பேன்." "வா, நாற்காலி காலியாகப் போகுது" என்றாள் நோரா.

வேலை இல்லாத தோல்காரர் கரைய ஆரம்பித்தார். ஒவ்வொரு வாசலிலும் கயிற்றை இழுத்துப் பார்த்தார். உள்ளே எல்லாத் தொண்டைகளும் குத்தூசியை முறித்தன. செப்டம்பர் முடிவில் அவர் குடிக்கிற தேநீர் தொண்டை வழியாக இறங்குவது வெளியே தெரிந்தது. ஆல்ஃபியின் கடைசி ஊசி போட்ட மறுநாள் சனிக்கிழமை. மைதானத்து ஆரவாரம் காற்றில் வந்தது. டாக்டரும் பெக்கும் நோராவின் அடுப்பங்கரையில் நின்றார்கள். யாரும் கெட்டிலை அடுப்பில் வைக்கவில்லை. நாற்காலியில் இருந்த தோல்காரர் அதைக் கவனித்தார்.

"தண்ணி கொதிக்கலையா மிஸஸ் கின்செலா?"

"உமக்குக் கொதிக்காது. கிளம்பும்."

அவர் நிதானமாக எழுந்து தொப்பியைத் தேடினார். பிரைடிதான் எடுத்துக் கொடுத்தாள். வாசல்வரை போனவர் திரும்பி, ரொம்பக் காலம் நன்றாகக் கவனித்துக்கொண்டீர்கள் என்றார். அது உண்மைதான். அவர் படி இறங்கிய பிறகு நோரா ரொட்டிக் கத்தியால் கடிதத் துளைக்குப் பின்னால் இருந்த கயிற்றை அறுத்தாள். பெக் வாயைத் திறந்தாள்.

"சொல்லுடி, பூட்டுக்காரின்னு சொல்லு" என்றாள் நோரா.

"அதச் சொல்ல வரல. கத்திய இந்தப் பக்கம் குடு, அடுத்து என் வீடு" என்றாள் பெக்.

மைதானத்தில் காலிங்வுட் வென்றது. இரவு திரும்பிய ஆண்கள் கயிறு அறுந்த தங்கள் வீட்டுக்குள் போக முடியாமல் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள், பாடிக்கொண்டே. அது பிறகு. மதியம், நாய் குரைக்க, தோல்காரர் காலிப் பையோடு சந்துமுனையை நோக்கி நடந்தபோது, நோரா கதவைச் சாத்தி, உள்பக்கத்திலிருந்து பூட்டில் சாவியை விட்டு, இரண்டு கையாலும் திருகிப் பூட்டினாள்.