ராசையா மெஸ்ஸுக்கு மூட் வந்த கதை

ராயபுரத்தில் மீன் சாப்பாட்டுக் கடைக்குப் பஞ்சமில்லை. சமையல்கட்டில் ட்யூப்லைட் எரியும் கடைக்குத்தான் பஞ்சம். ராசையா மெஸ்ஸில் இரண்டு எரிந்தன. தன் பெருந்தன்மையால் எரிவதாக ராசையா சொல்லிக்கொள்வார். உண்மையில் அவை கன்னியம்மா பிடித்த பிடிவாதத்தில் எரிந்தன.

கன்னியம்மா அங்கே சமைக்க வந்தபோது அந்த அறையில் ஒரே ஒரு குண்டு பல்புதான். தான் எரிகிறோமா இல்லையா என்று தனக்கே சந்தேகம் வந்ததுபோல, எண்ணெய்ப் பிசுக்கேறித் தொங்கும். அவள் மீனைக் கண்ணால் பார்த்து அரிந்ததைவிட விரலால் தடவி அரிந்ததே அதிகம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வண்ணாரப்பேட்டையில் வேறொரு கடைக்குப் போய்விட்டாள். ராசையா தானே கரண்டியை எடுத்தார். அங்கே சாப்பிட வரும் ஹார்பர் ஆட்கள் கல்லைக் கொடுத்தாலும் கடித்து விழுங்குபவர்கள். அவர்களே பாதி இலையில் எழுந்து போனார்கள். அதன்பிறகுதான் வெள்ளை டைல்ஸ் வந்தது, புகையை வெளியே தள்ளும் ஃபேன் வந்தது, ட்யூப்லைட் வந்தது, கடைசியாகக் கன்னியம்மாவும் வந்தாள்.

அந்த வெளிச்சத்துக்குள்தான் ஒருநாள் நிலவன் கேமராவோடு நுழைந்தான். அடையாறு பக்கத்துப் பையன். சாப்பாட்டுக் கடைகளைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டே பெயர் வாங்கியவன். கடை செல்போனில் தெரிந்தால்தான் கடை என்று யாரோ ராசையாவின் காதில் போட்டிருந்தார்கள். அவர்தான் அவனைக் கூப்பிட்டார்.

கன்னியம்மா அன்றைக்குப் பூ வைத்திருந்தாள். டைல்ஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தாள். பரிமாறும் ஹில்டாகூட உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தாள். நிலவன் வாசலிலேயே நின்று, சாவு வீட்டுக்கு வந்தவனைப்போல உச்சுக்கொட்டினான்.

"ஐயோ அக்கா, ரொம்ப க்ளீனா இருக்கே!"

"இன்னா நைனா, க்ளீனா இருந்தா போலீஸ் புடிக்குமா?"

"அதுக்கில்லக்கா. மூட் இல்ல."

மூட் இல்லாத சமையல்கட்டை அவன் எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டு படமெடுத்தான். பிறகு சாப்பிடும் பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். கன்னியம்மாவும் ஹில்டாவும் அவன் தோளுக்குப் பின்னால் நின்றார்கள்.

விரலை ஒரு பக்கம் இழுத்தான். வெள்ளை டைல்ஸ் சாம்பலானது. இன்னும் இழுத்தான், கரியானது. இரண்டு ட்யூப்லைட்டையும் கொசு அடிப்பதுபோல இரண்டு தட்டு தட்டினான், போயே போய்விட்டன. கன்னியம்மா பல வருஷம் போராடி வாங்கிய வெளிச்சத்தை அவன் டீ ஆறுவதற்குள் அணைத்துவிட்டான். அடுப்புத் தீ மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஆளுயரம் எழும்பியது. படத்தில் அடுப்பருகே நின்ற அவள் நெற்றியில் இல்லாத சுருக்கங்கள் விழுந்தன. கன்னத்தில் வேர்வை மின்னியது. பூவைக் காணோம்.

"நா இன்னாத்துக்குபா இம்மாம் அயுக்கா கீறேன்?"

"அழுக்கு இல்லக்கா, அது டெக்ஸ்ச்சர்."

அப்புறம் அவன் திரையில் ஒரு பெட்டியைத் திறந்தான். அதில் விதவிதமாகப் புகை இருந்தது. மெல்லிய புகை, சுருள் புகை, மழைநாள் புகை. ஒன்றை எடுத்துக் குழம்புச் சட்டிக்கு மேலே வைத்தான்.

"யம்மாடி," ஹில்டா வாயைப் பொத்திக்கொண்டாள், "இவுருகிட்ட பொகையே ஸ்டாக் கீதுக்கா!"

கன்னியம்மா முடிந்த படத்தை வெகுநேரம் பார்த்தாள். "மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குத் தூக்கினு போறதுக்கு மின்னாடி, கடைசியா ஒருவாட்டி சமைச்சிட்டுப் போன்னு வுட்ட மாரி கீறேன்."

"அதான்க்கா மூட்!" என்றான் நிலவன், தன்னைப் புரிந்துகொண்ட ஒரு ஜீவன் கிடைத்த பூரிப்பில்.

படத்துக்குக் கீழே 'கரியிலும் கண்ணீரிலும் வேகும் வடசென்னை' என்று எழுதிப் போட்டான். கண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கன்னியம்மாவுக்கு விளங்கவில்லை. அன்றைக்கு அவள் வெங்காயம்கூட அரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கார்கள் வரத் தொடங்கின. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வழி தெரியாமல் முழித்துக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள் சாப்பாட்டைக் கேட்கவில்லை. நேரே சமையல்கட்டை எட்டிப் பார்த்தார்கள். வெள்ளை டைல்ஸைக் கண்டதும் முகம் தொங்கிவிட்டது.

"அந்தக் கிச்சன் எங்கங்க?" என்று ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் ராசையாவிடம் கேட்டார். "படத்துல இருக்கே, ஒரிஜினல்?"

ராசையா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மளிகைக் கடையில் தொழில் பழகியவர். கடைக்கு வந்தவர் முன்னால் 'இல்லை' என்ற சொல் வாயில் வரக்கூடாது என்பது அவர்கள் குலவழக்கம். சீரகம் இல்லையென்றால் 'நாளைக்கு வரும்' என்பார்கள், உப்பு இல்லையென்றால் 'நிறைய இருக்கு' என்பார்கள். அந்த நாக்கு பழக்கதோஷத்தில் புரண்டது.

"அடுத்த வாரம் ரெடியாயிரும் சார்."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற, திங்கட்கிழமை ஒரு பெயிண்டர் வந்து டைல்ஸில் கருப்பு அடித்தார். ட்யூப்லைட்டைக் கழற்றிப் பரணில் போட்டார்கள். பழைய குண்டு பல்பைத் தேடியெடுத்து, துடைக்காமல் மாட்டினார்கள். ஃபேனை நிறுத்தி அட்டை வைத்து அடைத்தார்கள். சிலிண்டர் அடுப்பில் புகை வராதே என்பதற்காக ராசையா பூஜை அறையிலிருந்து தூபக்காலைக் கொண்டுவந்து மூலையில் வைத்துச் சாம்பிராணி போட்டார்.

"அண்ணாச்சி, இன்னா இது? கண்ணு தெர்லனா நா எப்புடி மீன ஆயறது?"

"ஏம்மா கன்னியம்மா, கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கிட மாட்டியா? காரு போட்டுக்கிட்டு வாராவ. வெளிச்சத்துல சமைச்சா சாப்பாட்டுல உண்மை இல்லங்காவ."

"உண்மய ஆரு துன்றது? மீனத்தான துன்றாங்க!"

ராசையா கல்லாவுக்குத் திரும்பிவிட்டார். அங்கே ஃபேன் ஓடியது.

அன்றைக்கு மடவை மீன். மடவையை அரியும்போது பித்தப்பையைச் சேதமில்லாமல் எடுக்க வேண்டும். பச்சையாக, விரல்நுனி அளவில் குடலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உடைந்தால் சட்டி முழுக்கக் கசக்கும். குண்டு பல்பின் மஞ்சளில் பச்சை எது, குடல் எது? சாம்பிராணி கண்ணைக் கரித்தது. படத்துக்குக் கீழே எழுதியிருந்த கண்ணீர் இப்போதுதான் வந்து சேர்ந்தது. கத்தி எங்கோ வழுக்கியது அவளுக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

காரில் வந்தவர்கள் குழம்பை வாயில் வைத்துக் கண்ணை மூடினார்கள். "அந்தக் கசப்பு இருக்கு பாருங்க," என்றார் ஒரு கண்ணாடிக்காரம்மா, "அது இந்த மண்ணோட வலி." இன்னொருவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூலையில் தினம் சாப்பிடும் கிரேன் டிரைவர் சுப்பராயன் ஒரு வாய் வைத்தார். துப்பவில்லை. தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு இலையை மூடினார். சமையல்கட்டு வாசலுக்கு வந்து இருட்டைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னா கன்னிம்மா, ஒடம்பு சரியில்லியா? கொயம்பு உன் கையி மாரியே இல்ல."

அவர் கேலி செய்திருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். அவர் நிஜமாகவே கேட்டார். அதுதான் அவளைக் குத்தியது. மண்ணின் வலியாம்! பித்தப்பை உடைஞ்ச கொயம்பை ஊருக்கு ஊத்திட்டு, அதுக்குப் பாராட்டும் வாங்கினு நிக்கிறேன். இந்தக் கடையில் இனி அவள் நன்றாகச் சமைத்தாலும் ஒன்றுதான், விஷம் வைத்தாலும் ஒன்றுதான்.

மறுபடி வண்ணாரப்பேட்டைக்குப் போகலாம். போனால் அங்கேயும் நிலவன் வரமாட்டான் என்று என்ன நிச்சயம்?

மறுநாள் காலை ராசையா வருவதற்குள் அவளும் ஹில்டாவும் சிலிண்டரை உருட்டி வெளியே கொண்டுவந்தார்கள். சாப்பிடும் கூடத்தில், தெருவைப் பார்த்த வாசல் ஓரம், அங்கிருந்த ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே அடுப்பு உட்கார்ந்தது. பாதிப் பெஞ்சுகள் இருட்டு அறைக்குள் போயின. ராசையா வந்து தலையில் கைவைத்தார்.

"ஏ, என்ன கோட்டித்தனம் பண்ணி வச்சிருக்கிய? வாரவுக எங்க உக்காருவாவ?"

"உள்ளாற. அவுங்களுக்கு இருட்டுதான வோணும்? இருட்ட அவுங்களே வெச்சிக்கட்டும். எனக்கு லைட்டு வோணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு அண்ணாச்சி, நா கெளம்பறேன். நீயே கரண்டிய புடி."

ராசையா கரண்டியைப் பார்த்தார். தன் சமையல் அவருக்கும் ஞாபகம் இருந்தது. பதில் சொல்வதற்குள் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர்கள் வெளிச்சத்தில் மீன் அரிந்துகொண்டிருந்தவளை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தாண்டி, நேரே இருட்டுக்குள் போனார்கள். உள்ளேயிருந்து "வாவ்!" என்று சத்தம் வந்தது. இருமலும் வந்தது. ராசையா சாம்பிராணியில் இன்னொரு பிடி போட ஓடினார்.

மதியத்துக்குள் கடை இரண்டாகிவிட்டது. உள்ளே இருமிக்கொண்டே படமெடுப்பவர்கள். வெளியே அடுப்பைச் சுற்றி ஹார்பர் ஆட்கள். கன்னியம்மா ஒரு மடவையைப் பிளந்து, பச்சைப் பையை முழுசாக நகத்தால் கிள்ளி எடுத்து, தெருப் பூனைக்குக்கூட எட்டாத தூரத்தில் எறிந்தாள். சுப்பராயன் குழம்பை நக்கிப் பார்த்துவிட்டு இன்னும் சோறு கேட்டார்.

அப்போது உள்ளேயிருந்து ஒருவர் இலை போட்ட தட்டும் கையுமாக வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை. முதலில் ஒரிஜினல் கிச்சன் கேட்டவர்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, முள்ளு எது, மீன் எதுன்னே தெரியலக்கா," என்றார் தாழ்ந்த குரலில், உள்ளே இருக்கும் நண்பர்கள் காதில் விழாதபடி. "இங்க உக்காந்துக்கவா?"

கன்னியம்மா சுப்பராயன் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"நவுந்து குந்து மாமு, சாருக்கு எடம் குடு."