கருப்பு அட்டைக்குள் ஒரு குதிரை

1

"...அப்ப நான் அழுததையும் பாத்துருக்காக."

"அழுதியா?"

"பந்தியில உக்காந்து. இலை போட்டு உப்பு வச்சாச்சு. அந்தக் குதிரை பனியில விழுகுற எடம். நீதான சொன்ன, தனியா இருக்கையில படின்னு."

"கல்யாண வீட்டுப் பந்தியா தனி எடம்?"

"எனக்கு வேற எங்கன தனியா எடம் கெடைக்குது? சரி, அத விடு. கல்யாண வீட்டுலயும் வேதத்த விடாத பிள்ளைன்னு சொல்லிக்கிட்டு இருக்காக. வசனத்த வாசிச்சுக் கண்ணு கலங்குது, இப்படி மருமக லேசுல கெடைக்குமான்னு. எங்கம்மா வாயத் தொறக்கல. நீ கதை எழுதுறவதான? சனிக்கிழமைக்குள்ள எழுதிக் குடு. எந்த முடிவு நல்லாருக்கோ அதையே செஞ்சுட்டுப் போறேன்."

இந்தக் கதை என்னிடம் வந்து சேர்ந்த விதம் இதுதான். அழுதவள் சொர்ணலதா, தேனி கடைவீதியில் இரும்புக் கடை வைத்திருக்கும் பொன்னுராஜ் அண்ணாச்சியின் மகள். கேட்டுக்கொண்டிருந்தவள் நான். புத்தகம் என்னுடையது. ருஷ்ய நாவல், தமிழில். பஸ் ஸ்டாண்டு ஓரம் வந்து நின்ற புத்தக வேனில் வாங்கினேன். அட்டை பிய்ந்துபோய் பைண்டிங் கடையில் கொடுத்தபோது அவரிடம் கருப்புக் காலிகோ துணி மட்டும்தான் இருந்தது. சர்ச் பாட்டுப் புத்தகங்களுக்குப் போட்டுப் போட்டுப் பழகிய கை. ஓரத்தில் சிவப்புச் சாயமும் அடித்துக் கொடுத்துவிட்டார். மேசையில் வைத்தால் பைபிள் என்று நினைத்து யாராவது எழுந்து நின்று ஜெபம் செய்துவிடுவார்கள்.

இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் தேவதானப்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

2

தொடக்கங்கள்:

'தேனியிலிருந்து போடிக்குப் போகும் சாலையில் ஒரு மாலை நேரம்...' வேண்டாம். சாலைக்கும் இவளுக்கும் சம்பந்தமில்லை.

'சொர்ணலதா அடக்கமான பெண்.' இது கல்யாண வீடியோ கேசட் சொல்வது. அடித்துவிட்டேன்.

'சொர்ணலதா தலை நிமிரவே இல்லை.' இது இருக்கட்டும்.

போடியில் அவள் சித்தி மகளுக்குக் கல்யாணம். வீடியோ எடுத்தது பால்பாண்டி. கேசட் போட்டுப் பார்க்கும் டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு விடுபவரும் அவர்தான். அவருடைய லைட் வெளிச்சம் பந்திக்குள் நுழைந்ததும் அத்தனை பெண்களும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சாப்பிடுவதை நிறுத்திச் சிரித்தார்கள். சொர்ணலதா மட்டும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் சைபீரியா. மூக்கு சிவந்திருந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பால்பாண்டி அசந்துபோய் அவளுக்குப் பின்பக்கமாகப் போய், தோளுக்கு மேலே கேமராவை நீட்டினார்.

"என்ன பாப்பா, வேதமா?"

"ம்" என்றாள்.*

(* கதையில் மூழ்கியிருப்பவர்கள் எதைக் கேட்டாலும் 'ம்' என்பார்கள். 'வீடு தீப்பிடித்துவிட்டதா' என்று கேட்டுப் பாருங்கள். அதைப் பொய் என்று நான் எழுதமாட்டேன்.)

அந்த நேரம் திறந்திருந்த பக்கத்தில் முழு அளவுக்கு ஒரு படம் இருந்தது. பனி, சறுக்குவண்டி, முழங்கால் மடிந்து விழும் குதிரை. கேசட்டில் அது வந்திருக்கிறது. ஓடுகிற ஓட்டத்தில் கருப்பாக ஏதோ தெரியும், அவ்வளவுதான். நிறுத்திப் பார்த்தால் குதிரை.

எங்கள் பக்கம் கல்யாண கேசட் கல்யாணம் நடந்த வீட்டில் தங்குவதில்லை. போடியிலிருந்து சின்னமனூர், கம்பம், பெரியகுளம் என்று உறவுக்காரர்களின் மஞ்சள் பைகளில் ஊர் சுற்றும். யார் மகள், எந்த வரிசையில் நிற்கிறாள், கட்டிக் கொடுத்தாயிற்றா என்று பார்ப்பார்கள். ஒரு கேசட்டிலிருந்து இன்னொரு கல்யாணமாவது முளைக்காவிட்டால் எடுத்தவருக்கே மரியாதை இல்லை. பிடித்துப்போனால் பெண் வீட்டுக்கு வந்து, அதே கேசட்டைப் பெண்ணோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். பெண் பார்க்க வருவதாகச் சொல்லமாட்டார்கள். "சும்மா படம் பாக்க வாரோம்." முடிந்ததும் கை நனைத்துச் சாப்பிட்டால் சம்மதம். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றால் இல்லை.

3

டெக்கில் படம் பார்ப்பது பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. கதைக்குத் தேவையா என்று கேட்காதீர்கள். இரண்டு நாளாக உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை, எதையாவது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

தியேட்டரில் படம் நம்மை இழுத்துக்கொண்டு போகும். வீட்டில் நாம் படத்தை இழுக்கிறோம். எங்கள் தெருவில் சண்டை வந்தால் பெண்கள் "ஓட்டுங்க" என்பார்கள். மழைப் பாட்டு வந்தால் சபைக்காரர்கள் "ஓட்டுங்க" என்பார்கள். வேகமாக ஓட்டினால் கதாநாயகி இன்னும் வேகமாக நனைவாள், அதை எல்லோரும் கண் எடுக்காமல் பார்ப்பார்கள். சாவு வந்தால் சொர்ணலதாவின் அம்மா சாராள் சித்தி, "அழுகுறத ஓட்டிருங்கப்பா, நாளைக்கி ஓய்வுநாள்" என்பார். அதனால் எங்கள் தெருவில் எந்தப் படத்திலும் யாரும் செத்ததில்லை. எல்லாப் படமும் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று சிரிப்பதில் முடியும். எனக்கு அந்த வரிசையைக் கண்டாலே கால் பரபரக்கும். ஓரத்தில் நிற்கிற ஒருத்தியாவது வேறு பக்கம் பார்க்கக் கூடாதா?

சொர்ணலதாவுக்கும் எனக்கும் இதில் ஒரே அபிப்பிராயம்தான். அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். வீட்டில் விளக்கு அணைந்த பிறகு போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிப்பவள். தனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்: லைட்டைப் போட்டுக்கொண்டு படிக்கலாம் என்கிற ஒரு வீடு.

4

அய்யாத்துரை ஒரு நல்ல

அய்யாத்துரை தேவதானப்பட்டியில் நெல் மண்டி

அய்யாத்துரையை நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளையைப் பார்க்காமல் எப்படி எழுதுவது? சொர்ணலதா பார்த்திருக்கிறாள். அதே கேசட்டில் அவனும் இருக்கிறான். கடைசிப் பந்தி, தூணுக்குப் பக்கம். அவனும் தலை நிமிரவில்லை. கையில் உள்ளங்கை அளவு வீடியோ கேம், அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்தது. மேலேயிருந்து முட்டை விழும். கீழே ஒரு குட்டி மனிதன் கூடையில் பிடிக்க வேண்டும்.

(இரண்டு பேரும் குனிந்த தலை என்பது ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது. நானாக இருந்தால் இப்படிக் கற்பனை செய்யமாட்டேன், வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்று பயந்திருப்பேன்.)

அந்த விளையாட்டை நானும் ஒரு தடவை ஆடியிருக்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை. அதில் முடிவே கிடையாது. பிடிக்கப் பிடிக்க முட்டைகள் வேகமாக விழும். தோற்றால்தான் நிற்கும். ஜெயிக்கவே முடியாத ஒன்றை ஒருவன் எதற்காக ஆட வேண்டும்?

"தோத்ததும் அவர் சிரிச்சாரு" என்றாள் சொர்ணலதா. "யாரயும் பாக்காம, தன்னால. நான் ரீவைண்ட் பண்ணிப் பாத்தேன்."

"எத்தன தடவ?"

"சும்மா போடி."

அங்கேதான் கதை எனக்குப் பிடிபட்டது, பயமும் வந்தது. அவள் இந்தக் கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்கிறாள், ஆனால் வேதம் படிப்பவள் என்கிற பேர் இல்லாமல். அவன் அம்மா கிருபாவதியின் வாக்கோ ஊருக்கே தெரியும்: "மூத்த மருமக தொடர்கதை படிச்சு மூணு பால்சட்டிய எரிச்சுட்டா. இனி கதைப் பொஸ்தகத்தத் தொடுற கை நம்ம வீட்டுக்கு ஆகாது."

5

முடிவு ஒன்று. சொர்ணலதா ஒன்றும் சொல்லவில்லை. கை நனைக்கிறார்கள். தேவதானப்பட்டியில் ஒவ்வொரு நாவலுக்கும் அவள் கருப்பு அட்டை போடுகிறாள். மாமியார் உறவுக்காரர்களிடம், "எம் மருமக வேதத்த எத்தன வாட்டி முடிச்சிருப்பா!" என்கிறார்.

முடிவு இரண்டு. சொல்லிவிடுகிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது. குழம்பு அப்படியே இருக்கிறது.

முடிவு மூன்று. கிருபாவதியே நிறுத்திப் பார்க்கிறார். குதிரையைப் பார்க்கிறார். "வெளிப்படுத்தின விசேஷம்! வேதத்துல வர்ற வெள்ளக் குதிரை!" என்று கன்னத்தில் கை வைக்கிறார். (எனக்கு இதுதான் பிடித்திருந்தது. எழுதும்போதே சிரித்துவிட்டேன்.)

நான் படிக்கும் நாவல்களில் நாலாவது முடிவு ஒன்று உண்டு. பனி பெய்யும்போது அவள் கதவைத் திறந்து வெளியே போய்விடுவாள். தேனியில் சாரல் மழைக்குள் அப்படிப் போனால் நாலு பேர் குடை கொண்டுவருவார்கள். "பொன்னுராஜ் அண்ணாச்சி மகதான? ஏத்தா இப்படி நனையிற?"

வெள்ளிக்கிழமை சொர்ணலதா வந்து, நின்றபடியே படித்தாள். மூன்றாவதில் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"மூணுலயும் அவர் ஒண்ணுமே சொல்லலையே."

"அவர எனக்குத் தெரியாதுடி."

"எனக்கும்தான் தெரியாது. அவருக்கும் என்னயத் தெரியாது. அதத்தான எழுதச் சொன்னேன்." தாள்களை மடித்து என் கையிலேயே வைத்தாள். "உன் முடிவுல எல்லாம் அத்தைதான் முடிவு பண்றாக."

போய்விட்டாள். புத்தகத்தையும் திருப்பித் தரவில்லை.

6

எனவே மூன்றையும் அடித்துவிட்டேன். சனிக்கிழமையை எனக்குத் தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுகிறேன். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை, உங்களுக்கு இருக்கலாம்.

பொன்னுராஜ் வீட்டுக் கூடம். முதலில் ஒரு சினிமா. சண்டை ஓட்டப்பட்டது, சாவு ஓட்டப்பட்டது, வரிசையில் நின்று சிரித்தார்கள். "படம்னா இப்படி முடியணும்" என்றார் கிருபாவதி. சாராள் சித்தி ஆமோதித்தார். அய்யாத்துரை தூணில் சாய்ந்து, சத்தத்தை முழங்காலுக்குள் அமுக்கி முட்டை பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளே குழம்பு கொதித்தது. பால்பாண்டி கேசட்டை மாற்றினார்.

"இந்தா, இந்தா, இந்த எடம்தான்!" கிருபாவதி முன்னால் நகர்ந்தார். "ஊரே பல்லக் காட்டுது, இந்தப் பிள்ளையப் பாருங்க. கண்ணுல தண்ணி!"

திரையில் சொர்ணலதா கண்ணைத் துடைத்தாள். கூடத்தில் இருந்த சொர்ணலதா துடைக்கவில்லை. சாராள் சித்தி தரையைப் பார்த்தார்.

கீக், கீக் என்று ஒரு சத்தம், அய்யாத்துரை தோற்றுவிட்டான். தன்னால் சிரித்துக்கொண்டே தலை நிமிர்ந்தான். முதலில் திரையைப் பார்த்தான். பிறகு அவளை.

பால்பாண்டி பொத்தானில் விரலை வைத்தார். "இதுக்குப் பெறகு பாப்பாவோட முதுகுதான் வரும். ஓட்டிரவா?"

"ஓட்டுப்பா" என்றார் கிருபாவதி.

சொர்ணலதா எழுந்து நின்றாள்.

"ஓட்டாதீங்கண்ணே. பொஸ்தகத்துல அந்தப் பக்கம் வரும்போது கொஞ்சம் நிப்பாட்டுங்களேன்."